ஆடியில் வாங்கி ஆவணியில் ஏற்றுவது எப்படி?

வீட்டுச் சாமான் வாங்க உகந்த மாதம் ஆடி. புது வீட்டுக்குக் குடிபோக ஆகவே ஆகாத மாதமும் ஆடிதான். பழனிசெட்டிபட்டியில் மாடி வீடு பிடித்துவிட்டு, கேட்டவர்களிடம் அப்பார்ட்மென்ட் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். தேனிக் கடைகளில் தள்ளுபடி பேனர் ஏறும் அன்றே வீட்டில் அப்பத்தா பஞ்சாங்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கடைக்காரர், "இந்த ரேட்டு இந்த மாசம் மட்டும்தாண்ணே" என்பார். அப்பத்தா, "ஆவணி பெறக்கட்டும்யா, அதுக்குள்ள என்ன தீயா பிடிக்குது" என்பார். இருவர் பேச்சையும் தட்ட முடியாது.

படித்த பிள்ளைகள் சிலர் பஞ்சாங்கத்தை வைத்தே அப்பத்தாவை மடக்கப் பார்ப்பார்கள். ஆடி 11 வாஸ்து நாள் என்று அதிலேயே போட்டிருக்கிறதே என்பார்கள். போட்டிருப்பது உண்மைதான். "அது மண்ணத் தோண்டுறதுக்கு. குடிபோறதுக்கா போட்டிருக்கான்?" என்று அப்பத்தா கண்ணாடியைக் கழற்றிவிடுவார். வழக்கு அத்துடன் தள்ளுபடி.

ஆகவே ஆடியில் வாங்கிய சாமானை ஆவணிவரை வைத்திருக்க இன்னொரு வீடு வேண்டும். மாமனார் வீட்டைவிட்டால் வேறு கிடையாது. நடுக்கூடத்தில் உங்கள் ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியோடு நிற்கும். முதல் வாரம் அதன்மேல் துணி போர்த்தியிருப்பார்கள். இரண்டாம் வாரம் அட்டைப்பெட்டியைக் காணாது. மூன்றாம் வாரம் போனால் உள்ளே அவர்கள் வீட்டுத் தயிரும் மல்லிக்கட்டும் குடியேறியிருக்கும். "சும்மா ஓடுதான்னு பாத்தோம் மாப்ளை" என்பார்கள். ஆவணியில் அதைக் கிளப்பும்போது அந்தத் தயிருக்கு மாற்று ஏற்பாடு செய்துகொடுப்பது மாப்பிள்ளையின் பொறுப்பு. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் தள்ளுபடி எவ்வளவு என்று கணக்குப் போடாதீர்கள். போட்டவர்கள் யாரும் நிம்மதியாக இல்லை.

ஆடியில் சாமானை வண்டியில் ஏற்றுவதிலும் ஒரு சங்கதி உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் அடிப்பது காற்றாலைக்காரர்கள் நம்பிப் பணம் போட்ட காற்று. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் போய்ப் பாருங்கள். அந்தக் காற்றில் குட்டியானையில் மெத்தையைப் படுக்கப்போட்டுக் கயிறு கட்டாமல் வந்தால், நீங்கள் வீடு வந்து சேருவீர்கள். மெத்தையைப் பற்றிச் சொல்வதற்கில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் இந்த ரோட்டில் லோடு அடித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, ஆடி வேண்டாம், சித்திரையில் முடித்துவிடலாம் என்றால் அதற்கும் ஓர் எச்சரிக்கை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா. எட்டு நாளும் கம்பம் ரோடு பக்தர்களுக்குத்தான் சொந்தம். போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கும் ஆயிரங்கண் பானை சுமந்து வருகிறவர்களுக்கும் நடுவே பீரோ ஏற்றிய வண்டி புகுந்தால், பீரோவும் நேர்த்திக்கடன் என்றே ஊர் எடுத்துக்கொள்ளும்.

மதுரையில் வாங்கினால் மலிவு என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார். முன்பு அவரை அடக்குவது சுலபம். மீட்டர்கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்தி, அகலப் பாதை போட்டு, 2022 மே மாதம்தான் தேனிக்கு மறுபடி ரயில் விட்டார்கள். அந்தப் பதினோரு வருடமும் "எதுல ஏத்திட்டு வர்றது சித்தப்பு?" என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. இப்போது அவருக்கு வாய் வந்துவிட்டது. போகட்டும், போய் வாங்கி வரட்டும். வெட் கிரைண்டரைப் பயணிகள் ரயிலில் ஏற்றி, தேனி ஸ்டேஷனில் இறக்கி, ஆட்டோ பேசிப் பழனிசெட்டிபட்டிக்குக் கொண்டுவந்து, மூன்றாம் மாடி ஏற்றியவரிடம் விலை எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்கக் கூடாது. முதலில் மோர் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் மாடி என்றதும் நினைவுக்கு வருகிறது. கடைக்குக் கிளம்புமுன் எடுத்துப்போக வேண்டிய கருவி டேப். எல்லோரும் ஹாலை அளப்பார்கள். அளக்க வேண்டியது மாடிப்படி திரும்பும் இடத்தை. இங்கே லிஃப்ட் வைத்த கட்டடங்கள் குறைவு. வைத்திருந்தாலும் அதில் இரண்டு ஆளும் ஒரு காய்கறிப் பையும் போகும். டபுள் டோர் ஃபிரிட்ஜ் வாங்கியவர் அது இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் சிங்கிள் டோரின் அருமையை அறிவார். சுமை தூக்கும் அண்ணன்மார் கூலியைக் கீழே நின்று ஒரு விலையும், அந்தத் திருப்பத்தில் நின்று ஒரு விலையும் பேசுவார்கள். இரண்டாவதுதான் நிலைக்கும்.

உள்ளே வந்துவிட்டால் மூலைப் பிரச்சினை. பீரோ கன்னி மூலையில் இருக்க வேண்டும். அடுப்பு அக்கினி மூலையில் இருக்க வேண்டும். கட்டியவர் கன்னி மூலையில் கக்கூஸ் வைத்திருப்பார். அக்கினி மூலையில் பிளக் பாயின்டே இருக்காது. பீரோவை வைக்கக்கூடிய ஒரே சுவரில் ஜன்னல் இருக்கும். இதற்குத் தீர்வு எளிது. வாஸ்து பார்க்கும் பெரியவரைப் பகலில் கூப்பிடாமல், கரண்ட் போன ஒரு சாயங்காலம் கூப்பிடுங்கள். திசை கொஞ்சம் இளகும்.

எதையும் புதிதாக வாங்குமுன், அரசாங்கம் ஏற்கெனவே கொடுத்துவிட்டதா என்று சொந்த ஊர்ப் பரணைப் பாருங்கள். 2006-க்குப் பிறகு ஓர் ஆட்சி கலர் டிவி கொடுத்தது. 2011-இல் வந்த ஆட்சி மிக்ஸி, கிரைண்டர், மேசை ஃபேன் மூன்றையும் கொடுத்தது. ஆண்டிபட்டித் தொகுதியில் எம்.ஜி.ஆரையும் ஜெயலலிதாவையும் ஜெயிக்கவைத்த மாவட்டம் இது. கொடுத்ததை இங்கே யாரும் தூக்கிப்போடுவதில்லை. அந்த மேசை ஃபேன் இன்னும் பல வீட்டுப் பரணில் உயிரோடு இருக்கிறது. அதைக் கொண்டுவந்தால் சங்கடம் ஒன்றுதான். அதிலுள்ள படத்தைப் பார்த்து வருகிற உறவினர்களில் பாதிப்பேர் உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்வார்கள்.

சீலிங் ஃபேன் மட்டும் புதிதாக வாங்கலாம். 2023 ஜனவரியிலிருந்து அதற்கும் நட்சத்திரச் சீட்டு கட்டாயம். பழைய வகை 75 வாட் அளவுக்கு இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற புது வகை அதே காற்றுக்கு 30 வாட்டை ஒட்டி நின்றுவிடும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உள்ள ஊரில் இது பெரிய விஷயம். ஆனால் புது வகை ரிமோட்டோடு வரும். வேகம் எவ்வளவு என்று சுவரில் ரெகுலேட்டர் இருந்த காலத்தில் எழுந்து போகிறவர் தீர்மானித்தார். இப்போது ரிமோட் மேல் படுத்திருப்பவர் தீர்மானிக்கிறார்.

மெத்தைக்கு மட்டும் நான் கறாராகப் பேசுவேன். போடிநாயக்கனூர் இருபது நிமிட, அரை மணிப் பயண தூரத்தில் இருக்கும்போது கம்ப்யூட்டரில் பார்த்து, உருளையாகச் சுருட்டி வரும் ஃபோம் மெத்தை வாங்குவது இந்த மண்ணுக்குச் செய்யும் அவமானம். மலையடிவாரத்து இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊர் அது. இலவம் இழை வழவழப்பானது, குட்டையானது. நூலாகத் திரிக்க வராது. அதனால் அது வேட்டியாகவோ சேலையாகவோ ஆக ஆசைப்படாமல் நேராக மெத்தையாகிவிடுகிறது. எண்ணெய்ப் பசை உள்ளதால் தண்ணீரை ஏற்காது, மிதக்கும். அந்தக் காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்பு அங்கியில் அடைத்ததே இதைத்தான்.

கடையில் எல்லாமே "அசல் இலவம்" என்பார்கள். ஒரு பிடி பஞ்சைக் கேட்டு வாங்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் இலவம். ஊறி இறங்கினால் மில் கழிவுப் பஞ்சு. கடைக்காரர் டம்ளர் இல்லை என்று சொன்னால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. வாங்கிய பிறகு வருடா வருடம் மொட்டை மாடியில் காயப்போட்டுத் தட்ட வேண்டும். இங்கேதான் அப்பார்ட்மென்ட் குறுக்கே வரும். மொட்டை மாடிச் சாவி கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கும். அவர் வற்றல் காயப்போட்டிருப்பார். மெத்தைக்கு வற்றல் வழிவிட்டதாகச் சரித்திரம் இல்லை.

அடுத்தது தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம். நீங்கள் குடிவந்த மூன்றாம் நாள், யாரும் கூப்பிடாமலே, கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி வந்து அழைப்பு மணியை அடிப்பார். கையில் ஒரு சின்னக் கருவி, அதில் நான்கு கம்பிகள். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பியை விட்டு கரண்ட் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் உங்கள் டம்ளர் செம்மண் குழம்பாகிவிடும். அவர் டம்ளர் கண்ணாடியாக நிற்கும். "இதத்தாங்க்கா பிள்ளைங்க குடிச்சிட்டு இருக்கு" என்று அவர் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கும்.

இந்த வித்தைக்கு முறிவு ஒரு சிட்டிகை கல்லுப்பு. அவருடைய டம்ளரில் போட்டுவிட்டு, "இப்ப ஒரு வாட்டி வைங்க தம்பி" என்று சொல்லுங்கள். அதுவும் செம்மண்ணாகும். காரணம் எளிது. கரைந்த உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக இறங்கும். அந்த அழுக்கு முழுக்க அவர் கொண்டுவந்த கம்பியுடையது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாய்வதில்லை, அவ்வளவுதான். குடிதண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரைகூட ஒப்புக்கொள்கிறது. அளந்து பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாய்க்கும் போர்த் தண்ணீர் வரும் குழாய்க்கும் தனித்தனியாக அளந்து பாருங்கள். போர்த் தண்ணீர் மட்டுமே வரும் வீடு என்றால் அந்தத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஊரை ஒட்டி முல்லைப் பெரியாறு ஓடி, தடுப்பணையில் நிறைந்து வழிகிற இடத்தில், 1895-இல் பென்னிகுயிக் மலையைக் குடைந்து திருப்பிவிட்ட தண்ணீரை, ஒரு டம்ளர் சேர்க்க அதைவிட அதிகமாகச் சாக்கடையில் ஊற்றும் இயந்திரம் வாங்குமுன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

பென்னிகுயிக் பேர் எடுத்ததால் சுவர் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் சாமிப் படங்களோடு அவர் படமும் தொங்கும். தேனிப் புது பஸ் ஸ்டாண்டுக்கும் அவர் பெயர்தான். பொங்கலோடு ஒட்டி ஜனவரி 15-இல் அவருக்குப் பிறந்தநாளும் வந்துவிடுவதால் பொங்கல் செலவிலேயே அதுவும் அடங்கிவிடும். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். அணை கட்டியவரை ஒட்டும் கொக்கியில் தொங்கவிட நேர்வது வருத்தமே. கொக்கி வாங்கும்போது எடை தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் வாங்குபவை. உண்மையில் ஒரு குடும்பத்துக்கு வரும் சாமானில் பாதியை நீங்கள் வாங்கப்போவதில்லை. செய்முறை என்று ஒன்று இருக்கிறது. பால் காய்ச்சும் அன்று தாய்மாமன் வரிசையோடு வருவார். அத்தைமார் வருவார்கள். பங்காளிகள் வருவார்கள். வாசலில் மேசை போட்டு மொய் நோட்டு விரித்திருக்கும். பணம் எழுதியவர் போக மீதிப்பேர் கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பெட்டி. அதைப் பிரிக்காமலே சொல்லலாம். தட்டையாக, வட்டமாக இருந்தால் சுவர்க் கடிகாரம். உயரமாக இருந்தால் ஹாட் பாக்ஸ். குலுக்கினால் சத்தம் வந்தால் டின்னர் செட், அதிகச் சத்தம் வந்தால் முன்னாள் டின்னர் செட்.

ஆகவே பால் காய்ச்சுவதற்குள் நீங்களாகப் பாத்திரம் வாங்குவது பணத்தை ஆற்றில் விடுவது. அது மட்டுமில்லை, ஆபத்தும்கூட. குத்துவிளக்கை நீங்களே வாங்கி வைத்தீர்கள் என்று தெரிந்தால் தாய்மாமன், "அப்ப நாங்க எதுக்குடா வந்தோம்?" என்று வாசற்படியிலேயே நின்றுவிடுவார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு குத்துவிளக்கைவிடக் கூடுதலாகச் செலவாகும். பெரிய அண்டா, குடம், குத்துவிளக்கு, இட்லிச் சட்டி நான்கையும் தொடாதீர்கள். உறவுக்காரர்களின் தனிச் சொத்து அவை.

பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவார்கள். பாத்திரக்கடையில் ஒரு மூலையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து, நடுங்கும் ஊசி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "அன்பளிப்பு" என்று தொடங்கி, குடும்பப் பெயர், ஊர், தேதி எல்லாம் வெட்டிக்கொடுப்பார். பெயர் வெட்டும் இடத்தை வைத்துப் பாத்திரத்தின் தகுதியைச் சொல்லிவிடலாம். மேலே விளிம்பில் வெட்டியிருந்தால் கனமான சாமான். அடியில் வெட்டியிருந்தால் கொடுத்தவருக்கே கொஞ்சம் கூச்சம். எவர்சில்வர் தரம் பார்க்க வேண்டுமானால் கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவார். "பாருங்க, ஒட்டல, ஒரிஜினல்." 304 என்ற தரத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், விலையும் குறையும். காந்தம் இரண்டிலும்தான் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதிக் கேளுங்கள். காந்தத்தை எடுத்தவேகத்தில் பேனாவையும் எடுக்கிறாரா என்று பாருங்கள்.

இப்போது வாங்க வேண்டியதற்கு வருவோம். யாரும் பெயர் வெட்டித் தராத சாமான் எதுவோ, அதை மட்டும் நீங்கள் வாங்க வேண்டும். விளக்குமாறுக்கு யார் பெயர் வெட்டுவார்கள்? செய்முறைத் தட்டில் டாய்லெட் பிரஷ் வைத்து வந்த தாய்மாமன் உண்டா? கொடிக் கயிறு, துணி கிளிப், வாளி, மக்கு, டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், டார்ச், மிதியடி, பினாயில், அரிப்பு, கேஸ் லைட்டர். மொத்த வரிசையும் ஒரு சுவர்க் கடிகார விலைக்குள் முடிந்துவிடும். இது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பழைய வீட்டு விளக்குமாற்றை மட்டும் எடுத்து வரக் கூடாது, அப்பத்தா வாசலிலேயே பிடுங்கிவிடுவார். துணி கிளிப்பைக் கணக்குப் பார்க்காமல் வாங்குங்கள். காற்றைப் பற்றி மேலே சொன்னேன். மூன்றாம் மாடிக் கொடியிலிருந்து போகும் லுங்கி எந்த வயலில் இறங்கும் என்று சொல்ல முடியாது.

பூட்டு திண்டுக்கல்லுக்கு ஒரு நடை போய் வாங்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. இரும்பு தோசைக்கல்லைத் தேனி வாரச்சந்தையில் எடுங்கள். தட்டிப் பார்த்து வாங்கி, வெங்காயம் தேய்த்துப் பழக்குங்கள். முதல் பத்து தோசை யாருக்கு என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஜன்னலுக்கு வலை முக்கியம். வயலை ஒட்டிய ஊர் இது. நெல் விளையும் சமயத்தில் டியூப் லைட் போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி சாரை சாரையாக வந்து சாம்பாரில் விழும். "வயல் காட்சி" என்று வாடகையில் கூட்டி வாங்கியபோது வீட்டுக்காரர் சொல்லாத காட்சி அது.

கேஸ் இணைப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். 2022 ஜூனிலிருந்து புது இணைப்பில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு டெபாசிட் 2,200 ரூபாய். ரெகுலேட்டருக்குத் தனி. டியூபில் தேதி பாருங்கள், ஐந்து வருடத்துக்குமேல் வைக்கக் கூடாது. கேஸ் இல்லாமல் பால் காய்ச்ச முடியாது.

முகூர்த்தம் அதிகாலையில்தான் வரும். முதலில் உப்பு, மஞ்சள், அரிசி, சாமிப் படம், நிறைகுடம் உள்ளே போகும். பிறகு பால் பொங்க வேண்டும். பொங்கினால் போதாது, வழிய வேண்டும். எந்தப் பக்கம் வழிகிறது என்று பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். வழிந்தவுடன் எல்லோரும் சந்தோஷமாக ஹாலுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் பர்னரில் ஒழுகும் பாலையும், சுடும் பாத்திரத்தையும் பார்த்தபடி நிற்பீர்கள். அப்போது தேவைப்படும் கரித்துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய வேட்டி ஒன்றை முந்தின நாளே கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்து முடிந்து, பந்திப்பாயைச் சுருட்டியதும் வந்த பெட்டிகளைத் தரம் பிரியுங்கள். பெயர் வெட்டியது உங்களோடு சாகும்வரை இருக்கும், ஒன்றும் செய்ய முடியாது. பெயர் வெட்டாத கடிகாரங்களையும் ஹாட் பாக்ஸ்களையும் காகிதம் கிழியாமல் பரணில் ஏற்றுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்குக் கொண்டுபோகுமுன் மொய் நோட்டைப் பிரித்து ஊரைச் சரிபார்ப்பது அவசியம். உப்புக்கோட்டையிலிருந்து வந்தது சின்னமனூருக்குப் போகலாம். சின்னமனூரிலிருந்து வந்தது போடிக்குப் போகலாம். வந்த ஊருக்கே திரும்பிப் போகக் கூடாது. கடிகாரமாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். டார்ச்சுக்கு ஆகும்.